இறங்கிய எடை மறுபடி ஏறாமல் இருக்க: தீபாவளி தொடங்கிச் சித்திரை வரை

கேள்வி சுருக்கமாக இது: மதுரையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை, ஆண், வயது 38. ஒன்பது மாதத்தில் 84 கிலோவிலிருந்து 71-க்கு இறங்கியாயிற்று, இரண்டு மாதமாக அங்கேயே நிற்கிறது. இனி தீபாவளி, கார்த்திகை, பொங்கல், தை முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம், மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோயில், அதற்குப் பிறகு சித்திரைத் திருவிழா என்று வரிசையாக வருகிறது. பண்டிகை நாளில் வாயைக் கட்ட முடியாது. ஏறாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

பண்டிகை நாளில் வாயைக் கட்டவே வேண்டாம். ஒரு கிலோ கொழுப்பு உடம்பில் சேர, செலவாவதற்கு மேல் ஏறக்குறைய 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். தீபாவளி அன்று காலையில் கறிக்குழம்போடு ஆறு இட்லி, இரண்டு சுழியம், மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் முறுக்கும் லட்டும் என்று மனம்போலச் சாப்பிட்டாலும் வழக்கத்தைவிட 1,500, மிஞ்சிப்போனால் 2,000 கலோரி கூடும். கொழுப்பாகப் பார்த்தால் அது கால் கிலோ.

ஆனால் மறுநாள் காலை எடை மெஷின் ஒன்றரை கிலோ கூடக் காட்டும். பயந்துவிடாதீர்கள். சோறும் இனிப்பும் கூடுதலாகப் போனால் உடம்பு அதைக் கிளைகோஜன் என்ற மாவுச்சத்தாகத் தசையிலும் ஈரலிலும் சேமிக்கும். அதில் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முறுக்கு, மிக்சர், பிரியாணி, ஊறுகாயில் உள்ள உப்பு இன்னும் கொஞ்சம் தண்ணீரை இழுத்து நிறுத்தும். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் மூன்று நான்கு நாளில் இந்தத் தண்ணீர் தானாக இறங்கிவிடும். இது தெரியாமல், "போச்சு, எல்லாம் போச்சு" என்று அடுத்த பத்து நாளையும் கைவிடுபவர்கள்தான் அதிகம்.

உண்மையில் எடையை ஏற்றுவது, பண்டிகைக்கு மறுநாள் தொடங்கி மூன்று வாரம் அடுப்படி அலமாரியில் உட்கார்ந்திருக்கும் பலகார டப்பா. கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை காபியோடு ஒரு முறுக்கு, 20 கிராம், 100 கலோரி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின்னால் ஒரு அதிரசம், 40 கிராம், 170. சாயங்காலம் டப்பாவைக் கடந்து போகும்போது ஒரு கைப்பிடி மிக்சர், 20 கிராம், 100. மொத்தம் 370. இதில் எதையும் யாரும் "சாப்பிட்டேன்" என்று நினைவில்கூட வைத்திருக்க மாட்டார்கள். 21 நாளுக்கு 7,770 கலோரி, அதாவது ஒரு கிலோ. அந்த டப்பா காலியாகும்போது கார்த்திகைப் பொரி உருண்டை வந்திருக்கும்.

அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு வெளியான ஒரு ஆய்வு, நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை அங்கே பெரியவர்களுக்குச் சராசரியாக 0.37 கிலோதான் ஏறியது என்று காட்டியது. பலரும் நினைத்ததைவிட ரொம்பக் குறைவு. ஆனால் ஏறிய அந்தக் கொஞ்சமும் அடுத்த மாதங்களில் இறங்கவில்லை என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. ஏற்கெனவே பருமனாக இருந்தவர்களுக்குக் கூடுதலாகவும் ஏறியது. அமெரிக்காவில் ஒரே ஒரு பண்டிகைக் காலம். நமக்கு ஆடியில் கூழ் ஊற்றத் தொடங்கினால் சித்திரையில் அழகர் மலைக்குத் திரும்பும்வரை இடைவெளியே கிடையாது.

இன்னொன்றையும் புரிந்துகொள்ளுங்கள். 13 கிலோ இறங்கிய உடம்பு, எப்போதுமே 71 கிலோவில் இருந்து வருபவரின் உடம்பைப் போல நடந்துகொள்ளாது. ஒரு கிலோ குறைந்தால் ஒரு நாளைக்கு 20 முதல் 30 கலோரிவரை செலவு குறைகிறது என்பது பொதுவான மதிப்பீடு. உங்களுக்கு அது நாளைக்கு 260-லிருந்து 390வரை, கிட்டத்தட்ட ஒரு பரோட்டா. 84 கிலோவில் சாப்பிட்டு எடை ஏறாமல் இருந்த அதே சாப்பாட்டில் இனி தினம் ஒரு பரோட்டா அளவு மிச்சம் விழுந்துகொண்டே இருக்கும். இதைவிடப் பெரிய இழுப்பு பசி. குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் பசி நாளைக்கு ஏறக்குறைய 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள், செலவு குறைவதைப்போல மூன்று மடங்குக்கு மேல். பசியைத் தூண்டும் கிரெலினும், போதும் என்று சொல்லும் லெப்டினும் ஆகிய ஹார்மோன்கள் எடை குறைந்து ஒரு வருடம் ஆன பிறகும் பழைய நிலைக்கு வரவில்லை என்று 2011-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. ஆகவே "முன்னால இவ்வளவு பசிக்காதே" என்று தோன்றினால் அது உங்கள் மனப் பலவீனம் இல்லை. வயிற்றை நிரப்பும் சாப்பாட்டை முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைப்பதுதான் அதற்கு மருந்து.

முதல் ஏற்பாடு எடை மெஷின். தினம் காலையில் கழிப்பறை போய்வந்த பிறகு, காபிக்கு முன்னால், ஒரே மாதிரி உடையில், டைல்ஸ் போன்ற கெட்டித் தரையில் வைத்து ஏறிப் பாருங்கள். பாய்மேலும் மேட்மேலும் வைத்தால் தப்பாகக் காட்டும். ஒரு நாள் எண்ணைப் பார்த்து முடிவெடுக்காமல் ஏழு நாள் சராசரியைப் பாருங்கள். பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டித் தண்ணீராலேயே ஒன்றிரண்டு கிலோ கூடிக் குறையும், அவர்கள் போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுவது நல்லது.

அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் நடந்து 2006-இல் வெளியான ஒரு சோதனையில், எடை குறைத்த 314 பேரைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் செய்திமடல் மட்டும் அனுப்பி, மற்றவர்களுக்குத் தினமும் எடை பார்த்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று எல்லை வைத்து நடக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். வெறும் செய்திமடல் மட்டும் அனுப்பப்பட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு 18 மாதத்தில் 2.3 கிலோவுக்கு மேல் திரும்ப ஏறிவிட்டது. நேரில் வந்து கற்றவர்களில் அது 46 சதவீதம். அந்த எல்லைகளை உங்கள் 71-க்குப் பொருத்தினால், 72.3வரை பச்சை, 72.4-லிருந்து 73.2வரை மஞ்சள், 73.3-ஐத் தொட்டால் சிவப்பு. அடுப்படிக் காலண்டரில் இந்த மூன்று எண்ணையும் எழுதி ஒட்டுங்கள். பலரும் சறுக்குவது எங்கே என்றால், தீபாவளிக்கு முந்தின நாள் மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, பொங்கல் முடிந்து "பார்த்துக்கலாம்" என்று இருப்பதில்தான். பார்க்கப் பயமாக இருக்கும் வாரத்தில்தான் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மஞ்சளில் வந்தால் என்ன செய்ய என்பதை இப்போதே முடிவுசெய்து வையுங்கள், அன்றைக்கு யோசிக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு டீயில் சர்க்கரை கிடையாது, சாயங்கால வடை பஜ்ஜி கிடையாது, மத்தியானச் சோறு ஒரு கரண்டி குறைவு, நடை 15 நிமிடம் கூடுதல். இவ்வளவிலேயே நாளைக்கு 400, 500 கலோரி குறையும், வாரத்துக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும். சிவப்பு என்றால் எந்த முறையில் 13 கிலோ குறைத்தீர்களோ அதற்கே நான்கு வாரம் திரும்புங்கள், சமையலறைத் தராசில் எடை போட்டுச் சாப்பிடுவது உட்பட. பட்டினி மட்டும் வேண்டாம். காலையும் மத்தியானமும் சாப்பிடாமல் இருந்தவர்கள் ராத்திரி பரோட்டாக் கடை வாசலில் நிற்பார்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர்ப்பது ஆபத்தும்கூட, சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடும்.

இனி பலகார டப்பா. மதுரைப் பக்கம் பாதி வீட்டில் பலகாரச் சீட்டு உண்டு. மாதாமாதம் கட்டி, தீபாவளிக்கு முந்தின வாரம் அட்டைப்பெட்டியில் நாலைந்து கிலோ வந்து இறங்கும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அது மிக அதிகம். கட்டிய பணத்தை விட முடியாது என்றால், சீட்டுப் பிடிப்பவரிடம் இனிப்புக்குப் பதிலாக எண்ணெயோ பருப்போ மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள், பலர் மளிகையும் சேர்த்தே நடத்துகிறார்கள். முடியாவிட்டால் பெட்டி வந்த அன்றைக்கே பிரியுங்கள். வீட்டுக்கு அரைக் கிலோ காரம், அரைக் கிலோ இனிப்பு. மிச்சத்தைக் கால் கால் கிலோவாகக் கட்டி, வேலைக்கு வரும் அக்கா, காவல்காரர், பக்கத்து வீடு, ஊரிலிருந்து வரும் சித்தப்பா என்று பேர் எழுதி ஒட்டிவிடுங்கள். பேர் எழுதிய பொட்டலத்தை யாரும் பிரிக்க மாட்டார்கள். பேர் எழுதாத பொட்டலம் ராத்திரி பதினோரு மணிக்குப் பிரியும்.

வீட்டில் நிற்கும் அந்த ஒரு கிலோவைக் கண்ணாடி ஜாடியில் சாப்பாட்டு மேசைமேல் வைக்காதீர்கள். எவர்சில்வர் தூக்கில் போட்டு, ஸ்டூல் போட்டு எடுக்கும் உயரத்தில் வையுங்கள். எடுப்பது ஒரே நேரம், சாயங்காலம் நாலு மணி டீயோடு, தட்டில் வைத்து, உட்கார்ந்து. தூக்குக்குள் கைவிட்டு நின்றபடி தின்பது கணக்கில் வராது, பசியும் அடங்காது. நான்காவது நாள் தூக்கு கழுவிக் கவிழ்க்கப்பட வேண்டும்.

வீட்டிலேயே சுடுகிறீர்கள் என்றால் எண்ணெய் குடிப்பதைக் கவனியுங்கள். ஒரே அளவு முறுக்கு, சுடுகிற பக்குவத்தைப் பொறுத்து எண்ணெயில் நிறைய வித்தியாசப்படும். எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்க மிளகளவு மாவு கிள்ளிப் போட்டால், அடியில் தங்காமல் உடனே மேலே வர வேண்டும். காயாத எண்ணெயில் போட்டால் மேல்பக்கம் இறுகுவதற்குள் மாவு எண்ணெயைக் குடித்துவிடும். வாணலி கொள்ளாமல் ஏழெட்டை ஒன்றாகப் போட்டாலும் சூடு இறங்கி அதே கதைதான். மாவில் வெண்ணெய் கூடினாலும், தண்ணீர் கூடித் தளர்ந்தாலும் எண்ணெய் குடிக்கும். சலசலப்பு அடங்கியதும் எடுத்து, தாளில் குவிக்காமல் ஓட்டைத் தட்டில் நிறுத்திவைத்து வடியவிடுங்கள். அதிரசத்தை எடுத்தவுடன் இரண்டு கரண்டிக்கு நடுவே வைத்து அழுத்துவது பாட்டி காலத்து வழக்கம். அதை விட்டுவிடாதீர்கள், சொட்டுச் சொட்டாக இறங்குவதெல்லாம் ஒரு கிராமுக்கு ஒன்பது கலோரி.

கருப்பட்டி மைசூர்பா, நாட்டுச்சர்க்கரை லட்டு, சிறுதானிய அதிரசம் என்று புதிதாக விற்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ருசிக்காக வாங்குங்கள், தப்பில்லை. எடைக்கு அவற்றால் எந்த லாபமும் இல்லை. நெய்யும் வெல்லமும் பெயர் மாறினாலும் கலோரி மாறாது, "நல்லதுதானே" என்று இரண்டு கூடவே உள்ளே போகும். அதைவிட, விநாயகர் சதுர்த்திக் கொழுக்கட்டை ஆவியில் வெந்தது, கார்த்திகைப் பொரி உருண்டையில் பாதி காற்று. நவராத்திரியோ ஒன்பது நாளும் சுண்டல். நம் பண்டிகைகளில் எடைக்குச் சாதகமானது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் தயங்காமல் நவராத்திரியைச் சொல்வேன், கொலுவுக்குப் போன வீட்டில் கேசரியும் தராமல் இருந்தால்.

சாதாரண நாள்களைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் வருடத்தில் 300 நாள் அதுதான். பசியைக் கட்டுவதில் புரதத்துக்கு நிகர் இல்லை. கிலோவுக்கு 1.2 கிராம் வைத்தால் உங்களுக்கு நாளைக்கு 85 கிராம். நம் சாப்பாட்டில் அது இப்படி வரும்: காலையில் நாலு இட்லியும் இரண்டு அவித்த முட்டையும் சேர்ந்து 20 கிராமுக்குப் பக்கம், மத்தியானம் சமைத்த கோழியோ மீனோ 100 கிராம் என்றால் 25, ஒரு கிண்ணம் சாம்பாரும் இரண்டு கரண்டிச் சோறும் 11, சாயங்காலம் வடைக்குப் பதில் 150 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல் 12, இரவு ஒரு கிண்ணம் தயிர் 7, நாள் முழுக்கக் குடிக்கும் டீயில் உள்ள பாலில் ஐந்தாறு. கூட்டினால் 80-ஐத் தாண்டிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

இங்கேதான் புரட்டாசியும் கார்த்திகை மாலையும் ஆளைக் கவிழ்க்கும். விரதம் என்றால் எடை குறையும் என்று எண்ணுகிறார்கள். கவிச்சி நிற்கிறது, முட்டையும் நிற்கிறது, அந்த இடத்தில் வருவது உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், ஒரு கரண்டிச் சோறு அதிகம். நாளைக்கு 30, 35 கிராம் புரதம் சத்தமில்லாமல் குறைகிறது. மூன்றாம் நாளிலிருந்து சாயங்காலப் பசி தாங்காது. அந்த மாதங்களில் மீல்மேக்கர், பனீர், பாசிப்பயறு, மொச்சை, தட்டைப்பயறு, கெட்டித் தயிர் என்று ஒவ்வொரு வேளையிலும் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். உலர்ந்த மீல்மேக்கர் 30 கிராம் ஊறவைத்தால் ஒரு கிண்ணம் வரும், 15 கிராம் புரதம்.

எண்ணெய்க்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. புது டின்னோ பாக்கெட்டோ பிரிக்கும் அன்று அதன்மேல் மார்க்கரால் தேதி எழுதுங்கள். நான்கு பேருக்கு, ஆளுக்கு நாளைக்கு 20 கிராம் வீதம், மாதத்துக்கு 2.6 லிட்டர் ஆகும். எடை குறைத்த நாளில் இந்த அளவில் இருந்த வீட்டில், கவனம் தளர்ந்ததும் நாலு லிட்டர் ஆகிவிடும். தோசையைச் சுற்றி விடுகிற கரண்டி, தாளிப்பு, பொரியல் என்று எங்கே போனது என்றே தெரியாது. ஆளுக்கு நாளைக்கு 95 கலோரி கூடுதல். ஒரு வருடம் இப்படியே போனால் என்ன ஆகும் என்பதை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். டின் தேதி பொய் சொல்லாது.

டீ: இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டால் 40 கலோரி, நாலு டீக்கு 160. கடையில் "சர்க்கரை கம்மி" என்றால் ஒவ்வொரு மாஸ்டருக்கும் கம்மி என்பது வேறு. "சர்க்கரை இல்லாம" என்று சொல்லிப் பழகுங்கள், இரண்டு வாரத்தில் நாக்கு ஒத்துக்கொள்ளும்.

ராத்திரி ஊர் இது. பத்து மணிக்கு மேல் நண்பர்களோடு கடைக்குப் போவதை நிறுத்துங்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. போங்கள், ஆனால் வீட்டில் எட்டு மணிக்கு ஒரு சாப்பாடு, அங்கே பத்தரைக்கு இன்னொன்று என்று ஆகக் கூடாது. போகப்போவது தெரிந்தால் வீட்டில் சாப்பிடாதீர்கள். ஒரு பரோட்டா அதன் அளவைப் பொறுத்து 250 முதல் 330 கலோரி, மூன்று பரோட்டாவும் மேலே மேலே ஊற்றும் சால்னாவும் சேர்ந்தால் ஆயிரத்தைத் தாண்டும். கல்லில் தட்டும்போதும் சுடும்போதும் ஊற்றும் எண்ணெய்தான் அதன் மிருதுவே. ஒரு பரோட்டா, இரண்டு முட்டைக் கலக்கி, ஒரு பிளேட் சிக்கன் வறுவல் என்று வாங்கினால் வயிறும் நிறையும், கணக்கும் 700-க்குப் பக்கத்தில் நிற்கும். சால்னாவைப் பரோட்டாமேல் ஊற்றவிடாமல் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள், மேலே மிதக்கும் எண்ணெய் ஒதுங்கிய பிறகு அடியிலிருந்து தொட்டுக்கொள்ளலாம். கொத்து பரோட்டா வேண்டாம், எத்தனை பரோட்டா உள்ளே போனது என்று கல்லின் முன்னால் நிற்பவருக்கு மட்டும்தான் தெரியும். ஜிகர்தண்டாவைத் தாகத்துக்குக் குடிக்கும் பானமாக எண்ணாதீர்கள். சுண்டக் காய்ச்சிய பால், சர்பத், ஐஸ்கிரீம் சேர்ந்த அது ஒரு பலகாரம். வாரம் ஒரு நாள், சின்ன டம்ளர், அன்றைக்கு வேறு இனிப்பு இல்லை.

குவார்ட்டர் பழக்கம் உள்ளவர்களுக்கு: 180 மில்லி விஸ்கியோ பிராந்தியோ, சைடிஷ் இல்லாமலே 425 கலோரிக்குப் பக்கம். சைடிஷ் அதைவிட மோசம், ஏனென்றால் அப்போது யாரும் எண்ணுவதில்லை.

நடை விஷயத்தில் ஒரு தப்புக்கணக்கு உண்டு. 71 கிலோ உடம்பு 50 நிமிடம் வேகமாக நடந்தால் கூடுதலாக எரிவது 200 கலோரிக்குப் பக்கம், ஒரு துண்டு மைசூர்பா. "தின்னதை நடந்து கரைச்சிடுவேன்" என்பது நடக்காது. ஆனால் எடை ஏறாமல் நிற்க நடை மிகவும் உதவும். எடை மறுபடி ஏறாமலிருக்க வாரத்துக்கு 200 முதல் 300 நிமிட உடற்பயிற்சி வேண்டும் என்பது அமெரிக்க விளையாட்டு மருத்துவ வல்லுநர் அமைப்பு (ஏ.சி.எஸ்.எம்.) 2009-இல் சொன்னது. குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஒரு வருடமாவது காத்தவர்களை 1994 முதல் பதிவுசெய்துவரும் அமெரிக்கப் பதிவேட்டிலும், பத்தில் ஒன்பது பேர் நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குப் பக்கமாக உடற்பயிற்சி செய்கிறவர்கள்.

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் ஒன்றேகால் கிலோமீட்டருக்கு முன்பின் வரும். நாலு சுற்று, 50 நிமிடம், வாரம் ஐந்து நாள் என்றால் 250 நிமிடம் ஆயிற்று. அந்தப் பக்கம் வீடு இல்லாதவர்களுக்குச் சித்திரை வீதிகள் இருக்கின்றன, காலை ஐந்தரைக்கு வண்டி இடைஞ்சல் இல்லாத கல் தளம். நடந்து முடித்ததும் எதிர்க்கடையில் வடையும் டீயும் என்று ஒரு கூட்டம் நிற்கும். அதில் சேர்ந்தால் நடந்தது கழிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் பத்து நாள் நடையே இல்லாமல் போகும், தீபாவளிப் பலகாரமும் அதே சமயம் வீட்டில் இருக்கும். இந்த இரண்டும் சேர்வதுதான் உண்மையான கண்டம். மழை நாளுக்கென்று வீட்டுக்குள் ஒன்று வைத்திருங்கள்: மாடிப்படி பத்து முறை ஏறி இறங்குவது, நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது 15 முறை, சுவரில் கை ஊன்றித் தண்டால் 12 முறை, இதையே மூன்று சுற்று. தசை கரையாமல் இருக்க மழை இல்லாத நாளிலும் வாரம் இரண்டு முறை இது வேண்டும்.

கல்யாணப் பந்தியில் கஷ்டம், கேட்காமல் விழுவது. மத்தியானம் கல்யாணம் என்று காலையில் பட்டினி கிடக்காதீர்கள். இரண்டு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சாப்பிட்டுவிட்டு, இரண்டரை மணிவரை காத்திராமல் முதல் பந்தியிலேயே உட்காருங்கள். இலையில் இனிப்பு முதலிலேயே விழுந்திருக்கும், பிடித்ததென்றால் முழுதாகச் சாப்பிடுங்கள், அப்படியானால் பாயசம் வேண்டாம். இரண்டில் ஒன்று. சோற்றை ஒரே தடவை வாங்கி நீங்களே மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: பருப்பு நெய்க்குக் கொஞ்சம், சாம்பாருக்கோ வத்தக்குழம்புக்கோ ஒன்று, ரசத்துக்கு ஒன்று. மறுசோறு வாளி வரும்போது கை இலைமேல் இருக்கட்டும், வாய் "போதும்ணே" என்று சொல்லட்டும், இரண்டும் சேர்ந்தால்தான் கரண்டி நிற்கும். கூட்டும் பொரியலும் எத்தனை முறை வேண்டுமானாலும் கேளுங்கள். மோரோடு முடித்து இலையை மூடிவிட்டால் அதற்குமேல் யாரும் ஊற்ற மாட்டார்கள், எதிரே பேச்சு எவ்வளவு சுவாரசியமாக இருந்தாலும் மூடிவிடுங்கள்.

உறவுக்காரர் தொல்லை தனி. "என்னப்பா இப்படி எளச்சுப் போயிட்ட, சுகர் வந்துருச்சா?" என்று கேட்காத அத்தை மதுரைச் சீமையில் கிடையாது. டயட், கலோரி என்று விளக்கம் சொல்லத் தொடங்கினால் இன்னும் இரண்டு லட்டு இலையில் விழும். வேண்டாம் என்பதைவிட வேறொன்றைக் கேட்பதுதான் வேலைக்கு ஆகும்: "லட்டு அப்புறம் அத்தை, அந்த அவியல் இன்னும் கொஞ்சம் வைங்க." பரிமாறியவருக்கு மனம் நிறைந்துவிடும், அப்புறம் என்பது வராமலே போகும்.

பொங்கலில் பயப்பட அதிகம் இல்லை. சர்க்கரைப் பொங்கலை ஒரு சின்னக் கிண்ணத்தோடு நிறுத்தினால், அந்தப் பருவத்தில் கிடைக்கும் மற்றதெல்லாம் நல்லதுதான். பச்சை மொச்சை, பிடிகருணை, சிறுகிழங்கு, பரங்கிக்காய் போட்ட பலகாய்க் குழம்பு, அவித்த பனங்கிழங்கு எல்லாமே வயிற்றை நிரப்புபவை. பனங்கிழங்கில் நார் அதிகம், ஒன்றை மென்று முடிப்பதற்குள் கால் மணி நேரம் போகும். கரும்பையும் மெல்லுங்கள், சாறாகக் குடித்தால் மூன்று நான்கு துண்டின் சர்க்கரை ஒரு நிமிடத்தில் இறங்கிவிடும். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாள் ஜல்லிக்கட்டுக்குப் போகிறவர்கள் கையில் வேகவைத்த கடலையும் தண்ணீரும் கொண்டுபோனால், மாடு அவிழ்க்கும்வரை பஜ்ஜிக் கடையை நம்பியிருக்க வேண்டாம்.

சிவராத்திரிக்குப் பின் கிடாய் வெட்டும் கறி விருந்தில் கறியைவிடச் சோறுதான் எடை. சுக்காவும் குழம்புக் கறியும் உள்ளங்கை அளவு தாராளமாகச் சாப்பிடுங்கள், சோறு இரண்டு கரண்டி. குழம்பின் மேல் நிற்கும் மஞ்சள் கொழுப்பை விலக்கி அடியிலிருந்து ஊற்றச் சொல்லுங்கள். ராத்திரி வீடு திரும்பும்போது தூக்குவாளியில் கொடுத்தனுப்பும் கறிக்குழம்பு இன்னும் இரண்டு நாள் தோசைக்கு வரும், பலகார டப்பாவின் கதைதான் அதுவும். மறுநாள் காலையில் ஃபிரிட்ஜில் குளிர்ந்து மேலே உறைந்திருக்கும் கொழுப்பை ஸ்பூனால் வழித்து எறிந்துவிட்டுச் சூடாக்குங்கள்.

எடை குறைக்க செமாக்ளூடைட் போன்ற ஊசி போட்டுக்கொண்டிருந்தவர்கள் அதை நிறுத்தினால் நிலைமை வேறு. 2022-இல் வெளியான ஒரு ஆய்வில், ஊசியை நிறுத்திய ஒரு வருடத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. ஐப்பசியில் நிறுத்தினால் பசி முழுதாகத் திரும்பும் நேரமும் பண்டிகையும் ஒன்றாக வரும், நிறுத்தும் தேதியை மருத்துவரோடு பேசிப் பங்குனிக்குத் தள்ள முடியுமா என்று பாருங்கள். சாப்பாடும் நடையும் மாறாமலே எடை ஏறி, சோர்வும் மலச்சிக்கலும் சேர்ந்தால் தைராய்டு பார்க்க வேண்டும்.

எடையோடு இடுப்புச் சுற்றளவையும் மாதம் ஒரு முறை நாடாவால் அளந்து குறியுங்கள், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட பிறகு. நம் உடல்வாகுக்கு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்பது எல்லை. எடை 71-லேயே நின்று இடுப்பு இரண்டு செ.மீ. கூடியிருந்தால் தசை போய்க் கொழுப்பு வந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள், அந்த மாதம் நாற்காலிப் பயிற்சியும் புரதமும் விட்டுப்போயிருக்கும்.

சித்திரைக்கு ஒரே ஒரு குறிப்பு. எதிர்சேவைக்குத் தல்லாகுளத்தில் ராத்திரி முழுக்க நின்று, விடிந்ததும் ஆற்றில் அழகர் இறங்குவதைப் பார்த்துத் திரும்பும் கூட்டத்துக்கு நடை நிறையவே கிடைக்கிறது. வழிநெடுகப் பந்தலில் நீர்மோரை எத்தனை டம்ளர் வேண்டுமானாலும் குடியுங்கள், பானகமும் ரோஸ்மில்க்கும் ஒன்றோடு போதும். அன்னதானத்தில் புளியோதரை, சாம்பார் சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று பத்தடிக்கு ஒரு தொன்னை நீட்டுவார்கள். சாமி பேரைச் சொல்லித் தருவதை மறுக்க மனம் வராதென்றால், வாங்கியதில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைக் கூட வந்தவர்களோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.